நாள் சொல்லும் வானமும் நாம் காக்க வேண்டிய இருட்டும்

மண், விதை, நீர், மாடு, பூச்சி என்று நம் இதழில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். தோட்டத்துக்கு மேலே இருக்கிற ஒன்றைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை. இரவு வானத்தைச் சொல்கிறேன். அதற்கு வேலி இல்லை, பட்டா இல்லை, கிஸ்தி இல்லை. ஒரு ஏக்கர்காரருக்கும் நூறு ஏக்கர்காரருக்கும் ஒரே அளவுதான். ஆனால் கிணற்று நீர்மட்டம் மாதிரி அதுவும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டு வருகிறது.

வானத்தைப் பார்ப்பது என்றதும் நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். லட்ச ரூபாய் தொலைநோக்கியும் பெரிய படிப்பும் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஜோசியக்காரர் வேலை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் இல்லை. இரண்டு கண், ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் இருட்டு இருந்தால் போதும். முதல் மூன்றும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நான்காவதுதான் இப்போது பிரச்சினை.

செம்மேட்டில் விவசாயம் செய்கிறவன் என்ற முறையில், இங்கிருந்து என்ன பார்க்கலாம், அது உழவனுக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது, இருட்டை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் மலையிலிருந்து தெரியும் வானம்

கொல்லிமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11¼ டிகிரியில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர். கீழே இருக்கிற தூசியும் புகையும் பாதி நாள் நம் காலுக்குக் கீழேயே நின்றுவிடும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டும் நமக்குக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் தென்சிலுவையைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர்களுக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. நமக்கு இரண்டும் உண்டு.

வானத்தில் அளக்க ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. கையை நேராக நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்த முட்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில்தான் இருக்கும். ஒரு ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி உயரத்தில் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். வடக்கே மலை மறைத்தால் தெரியாது. மறைக்காத மேட்டுக்குப் போக வேண்டும்.

முதலில் பழக வேண்டிய கூட்டம் மாசி மாதத்தில் கிடைக்கும். இரவு 8 மணிக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே, ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அதைச் சுற்றி நாலு மூலைக்கு நாலு நட்சத்திரம். அதில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. மூன்று நட்சத்திர வரிசையை ஒரு கோடாக நினைத்துத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான சிரியஸ் வரும். எதிர்ப்பக்கம் நீட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. தெற்கே மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் தனியாக மின்னுவது அகத்தியர். பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்தது அதுதான்.

சித்திரை கடைசியிலும் வைகாசியிலும் இரவு 9, 10 மணிக்குத் தெற்கே பார்த்தால் இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதே நேரம் வடக்கே ஏழு முனிவர் கூட்டம். அதன் வால் வளைவை அப்படியே தொடர்ந்தால் முதலில் சுவாதி, பிறகு சித்திரை. வாலின் நடு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் ஒட்டினாற்போல இன்னொரு சின்ன நட்சத்திரம் தெரியும். பெரியது வசிட்டர், சிறியது அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டுகிற அந்த அருந்ததியை ராத்திரியில் ஒருமுறையாவது உண்மையில் பார்த்துவிடுங்கள்.

பால்வீதியைப் பார்க்க அதிகாலைதான் நல்லது. பங்குனியில் விடியற்காலை 4½ மணிக்குப் பால் கறக்க எழுந்திருப்பவர்கள் தெற்கே நிமிர்ந்து பார்த்தால், சிவப்பான கேட்டையும் அதன் கீழே கொக்கி மாதிரி வளைந்த தேள் வாலும் தெரியும். அந்த வாலை ஒட்டித்தான் பால்வீதியின் அடர்ந்த பகுதி. மேகம் மாதிரி இருக்கும், ஆனால் நகராது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முன்னிரவிலேயே இது வந்துவிடும். ஆனால் அப்போது மேகம் விடாது.

மாதப் பெயர் எங்கிருந்து வந்தது

நம் மாதங்களின் பெயரே வானத்தில் எழுதியிருக்கிறது. பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ, அதைக் கொண்டு மாதத்துக்குப் பெயர் வைத்தார்கள். திருக்கார்த்திகை அன்று தீபம் ஏற்றிவிட்டு நிமிர்ந்து பாருங்கள், நிலாவுக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கொத்து இருக்கும். சித்ரா பௌர்ணமிக்குச் சித்திரை. மாசி மகத்துக்கு மகம். நிலா வெளிச்சத்தில் கொத்து மங்கலாகத் தெரியும், நிலாவைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

பௌர்ணமி நிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். கார்த்திகை மாதத்தில் நிலா கார்த்திகை நட்சத்திரத்தில் இருந்தால், சூரியன் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, வைகாசியில், சூரியனே கார்த்திகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சமயம்தான் கத்திரி வெயில். அக்கினி நட்சத்திரம் என்று நாம் சொல்வது இந்தக் கார்த்திகையை. வேடிக்கை என்னவென்றால், அக்கினி நட்சத்திர நாட்களில் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவே முடியாது. சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறைந்துவிடும். ஆனி பிறந்ததும் விடியற்காலை 4½, 4¾ மணிக்குக் கிழக்கே பார்த்தால் கார்த்திகை மறுபடியும் மேலே வந்திருக்கும். ஆடிப் பட்டத்துக்கு விதை எடுத்து வைக்க அதைவிட நல்ல நினைவூட்டல் வேண்டாம்.

சூரியன் திரும்புவதை நாமே பார்க்கலாம்

தினமும் ஒரே இடத்தில் நின்று சூரியன் எந்த மலை முகட்டின் மேல் உதிக்கிறது என்று பாருங்கள். டிசம்பர் 21, 22-ல் தென்கோடி. ஜூன் 21-ல் வடகோடி. இரண்டுக்கும் இடையில் வானத்தில் கிட்டத்தட்ட ஐந்து முட்டி தூரம். நடுவில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு நகர்கிறது என்று கண்ணாலேயே தெரியும். கோடிக்கு வந்ததும் ஒரு வாரம் பத்து நாள் நகராமல் நின்ற மாதிரி இருக்கும். களத்தில் ஒரு கல்லை நட்டு, முகட்டில் உள்ள மரங்களை அடையாளம் வைத்துக்கொண்டால் நமக்கென்று ஒரு காலண்டர் தயார். யாரும் அச்சடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று நிழல். நம் மலையில் ஏப்ரல் 19-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நேராக நட்ட குச்சிக்கு அந்த ஒரு நிமிடம் நிழலே இருக்காது. நம் நெடுங்கோட்டில் நடுப்பகல் 12 மணிக்கு வராது. ஏப்ரலில் 12¼ மணி வாக்கில் வரும். சென்னையில் இந்த நாள் ஏப்ரல் 24 வாக்கில். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது, பைனாகுலர் வழியாக ஒருபோதும் பார்க்கக் கூடாது.

இப்படிப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். உத்தராயணம் தை முதல் தேதி என்கிறோம். சூரியன் டிசம்பர் 21, 22-லேயே திரும்பிவிட்டதே? சந்தேகம் நியாயமானது. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவமோ பூமியின் சாய்வைப் பொறுத்தது. பம்பரம் சுற்றும்போது அதன் தலை மெதுவாக ஆடுகிறதல்லவா, அப்படிப் பூமியின் அச்சும் ஆடுகிறது. ஒரு சுற்று ஆட ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகும். இதனால் நட்சத்திர ஆண்டு, பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் அதிகம். 20 நிமிடம் என்ன பெரிய கணக்கு என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக இருந்தன. இன்றைக்கு 24 நாள் இடைவெளி.

உழவனுக்கு இதில் என்ன? நம் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் நகரும், அதனால் நட்சத்திரத்தைப் பார்த்து நாள் குறிப்பதில் தவறில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டு பழைய பழக்கம் ஒன்று தமிழ் மாதத்தோடு கட்டப்பட்டிருந்தால், அது பருவத்திலிருந்து இரண்டு வாரம் விலகியிருக்கும். பயிர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அது பகல் இரவின் நீளத்தைப் பார்க்கிறது. அதற்கு டிசம்பர் 21-தான் கணக்கு, தை முதல் தேதி கணக்கில்லை.

வானம் நாள் சொல்லும், மழை சொல்லாது

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நட்சத்திரமும் கிரகமும் எந்த இடத்தில் இருந்தாலும் மழை வருமா வராதா என்று சொல்லாது. இது எந்த நாள், பகல் எவ்வளவு நீளம், பருவம் வர இன்னும் எத்தனை நாள் என்பதைச் சொல்லும். அதுவே பெரிய உதவி. அதற்கு மேல் கேட்டால் அது ஜோசியம்.

ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது நட்சத்திரத்தின் வேலை இல்லை, மேகத்தின் வேலை. நிலாவைச் சுற்றி வட்டம் தூரத்தில் போட்டிருந்தால் மழை கிட்டத்தில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெரிய வட்டத்தின் ஓரம் நிலாவிலிருந்து சுமார் 22 டிகிரியில், அதாவது இரண்டு முட்டிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கும். மிக உயரத்தில் மெல்லிய திரை போலப் பரவிய மேகத்தில் உள்ள பனித்துகள்கள் நிலா வெளிச்சத்தை வளைப்பதால் அது உண்டாகிறது. மழை கொண்டுவரும் மண்டலத்துக்கு முன்னோடியாக இந்த மேகம் பல சமயம் வரும். அதனால் அந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. நிலாவை ஒட்டிச் சின்னதாகத் தெரியும் வட்டம் வேறு, அது நீர்த்துளிகளால் வருவது.

நிலா பார்த்து விதைக்கிற நண்பர்கள் நம் இயக்கத்தில் நிறைய. அவர்களுக்கு ஒரு தகவல். வளர்பிறை வேறு, நிலா தெற்கிலிருந்து வடக்கே ஏறுவது வேறு. அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29½ நாள். வடக்கே ஏறித் தெற்கே இறங்கித் திரும்ப 27⅓ நாள். இரண்டும் ஒன்றாக ஓடுவதில்லை. மார்கழி பௌர்ணமி நிலா உச்சந்தலைக்கு மேலே போகும், ஆனி பௌர்ணமி நிலா தெற்கே தாழ்ந்து போகும். இரண்டுமே முழுநிலாதான். பயன் உண்டா இல்லையா என்று சோதிக்கிறவர்கள், எந்தக் கணக்கைப் பின்பற்றினோம் என்றாவது நோட்டில் சரியாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் வரவும் செலவும் வேறு வேறு பேரேட்டில் எழுதின கதையாகிவிடும்.

தொடங்க என்ன வேண்டும்

நம் மலையில் தை கடைசியிலிருந்து சித்திரை வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் தேர்ந்தெடுங்கள். வெளிச்சத்திலிருந்து வெளியே வந்ததும் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் செல்போனை ஒரு முறை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் லைட்டின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டால் பாதையும் தெரியும், கண்ணும் கெடாது. காலில் செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள், பாம்பு இருக்கும் இடம். தரையில் உட்காராமல் கட்டிலில் படுத்துப் பாருங்கள், கழுத்தும் வலிக்காது.

ஆறு மாதம் வெறும் கண்ணால் பார்த்த பிறகு ஏதாவது வாங்க ஆசை வந்தால், பைனாகுலர் வாங்குங்கள். 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இரவில் முக்கியம் இரண்டாவது எண்தான், அதுதான் வெளிச்சத்தைச் சேகரிக்கும். 500 மடங்கு காட்டும் என்று விளம்பரம் செய்கிற விளையாட்டுச் சாமான் தொலைநோக்கிகளை நம்பாதீர்கள். சாதாரண பைனாகுலரை ஒரு கம்பத்தில் சாய்த்துப் பிடித்தாலே நிலாவின் பள்ளங்கள், வியாழனைச் சுற்றும் நிலாக்கள், கார்த்திகையில் பத்துக் கணக்கான நட்சத்திரங்கள், மூன்று நட்சத்திர வரிசைக்குத் தெற்கே பஞ்சு மாதிரி ஒளிமேகம் எல்லாம் தெரியும். நட்சத்திரப் பெயர் தெரிய ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலி இருக்கிறது. பகலில் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டு, இரவில் போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

நோட்டில் தேதி, நேரம், எங்கே நின்றீர்கள், மேகம் எப்படி என்று எழுதுங்கள். கூடவே ஒரு எண்ணிக்கை. கார்த்திகையில் எத்தனை நட்சத்திரம் எண்ண முடிந்தது? ஆறு என்றால் வானம் நன்றாக இருக்கிறது. ஏழு, எட்டு என்றால் மிக நன்று. மூன்று, நான்குதான் என்றால் எங்கிருந்தோ வெளிச்சம் வருகிறது. வருடா வருடம் இதே மாதம், இதே இடத்தில் நின்று எண்ணி எழுதினால், மண் பரிசோதனை அட்டை மாதிரி நம் வானத்துக்கும் ஒரு அட்டை கிடைக்கும்.

இருட்டு பயிருக்கு எதற்கு

இங்கேதான் நம் பாடு இருக்கிறது. செடிகள் இரவின் நீளத்தை அளந்து பூக்கும் நேரத்தை முடிவு செய்கின்றன. செம்மேட்டில் ஆண்டின் மிக நீண்ட பகல் 12¾ மணி நேரம், மிகக் குறுகிய பகல் சுமார் 11½ மணி நேரம். மொத்த வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம்தான். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனித்துத்தான் பழைய சம்பா ரகங்கள் பல, முன்னே பின்னே விதைத்தாலும் ஒரே சமயத்தில் கதிர் தள்ளுகின்றன. அப்படிப்பட்ட நுட்பமான பயிருக்குப் பக்கத்தில் விடிய விடிய எரிகிற விளக்கை வைத்தால், இரவு குறைந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். தெருவிளக்கை ஒட்டிய நெல் மட்டும் பச்சையாக நின்று கதிர் தாமதமாக வருவதைச் சமவெளி நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் இதை ஆராய்ந்து, நெல்லைத் தொந்தரவு செய்யாத தெருவிளக்கு தயாரிக்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை. தேனீ தூங்கிய பிறகு அந்த வேலையை விட்டில்களும் வௌவால்களும் செய்கின்றன. பப்பாளிப் பூவுக்கு அந்தியில் வரும் பெரிய விட்டில்கள் முக்கியமானவை. சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் விளக்கு வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. விளக்கு வைத்த இடத்தில் இரவுப் பூச்சிகள் பூவுக்கு வருவது 62 சதவீதம் குறைந்தது. அவர்கள் கவனித்த ஒரு செடியில் காய்ப்பு 13 சதவீதம் குறைந்தது. பகலில் வந்த பூச்சிகளால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை.

நம் மாட்டுச் சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோகிற சாணவண்டைப் பற்றி ஒரு செய்தி. தென்னாப்பிரிக்காவில் ஒரு வகைச் சாணவண்டு, நிலா இல்லாத இரவில் பால்வீதியைப் பார்த்துத் திசை வைத்துக்கொண்டு உருண்டையை நேர்கோட்டில் உருட்டிப் போகிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். கோளரங்கத்துக்குள்ளே வண்டை விட்டுச் சோதித்தார்கள். தலையில் அட்டைத் தொப்பி வைத்து வானத்தை மறைத்தால் அது சுற்றிச் சுற்றி வந்தது. நமக்கு வானம் வேண்டாம் என்று நாம் நினைக்கலாம், வண்டு அப்படி நினைக்கவில்லை.

விளக்குப் பொறி வைக்கிறோமே, அது என்ன என்று கேட்பீர்கள். பூச்சிக்கு வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் பொறியை முன்னிரவில் சில மணி நேரம் மட்டும் எரித்துவிட்டு அணைக்கச் சொல்கிறார்கள். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சியும் சேர்ந்து சாகும். வாசலில், களத்தில், வேலியில் இரவெல்லாம் எரிகிற வெள்ளை விளக்கு ஒவ்வொன்றும் அணைக்க மறந்த பொறிதான்.

கூட்டு வட்டி

2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்து 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. வானத்தின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. வங்கியில் எங்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் ஆண்டு வரும். 72-ஐ 9.6-ஆல் வகுத்தால் 7½. எட்டு வருடத்துக்குள் இரட்டிப்பு. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தை, 18 வயதில் அங்கே 100 நட்சத்திரம்தான் பார்க்கும் என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இருட்டின் மதிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ஜவ்வாது மலையில் காவலூரை 1960-களில் தேர்ந்தெடுத்து ஆய்வகம் அமைத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகம் 1977-ல் அறிந்தபோது, அதைக் காட்டிய பதிவுகளில் காவலூரில் எடுத்ததும் ஒன்று. 1986-ல் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அன்றைக்கு ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. இதெல்லாம் ஒரு மலை இருட்டாக இருந்ததால் நடந்தது.

இப்போது முறை நம் மலைக்கு வந்திருக்கிறது. கொல்லிமலையில் அரியூர் சோலை காப்புக்காட்டில் 1 கோடி ரூபாய் செலவில் இருள் வானப் பூங்கா அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசின் வனத்துறை அறிவித்திருக்கிறது. லடாக்கில் ஹான்லே என்ற இடம் 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உள்ளூர்க்காரர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்து, வானம் காட்டப் பயிற்சியும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டி அவர்கள் வருமானம் பார்க்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024-ல் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பிழைப்பு கிடைத்தால் நல்லது.

ஆனால் பூங்காவுக்குள் மட்டும் இருட்டை வளர்க்க முடியாது. வெளிச்சம் வரப்பைத் தாண்டும். பக்கத்து வயலில் அடிக்கிற பூச்சிமருந்து காற்றில் நம் வயலுக்கு வருகிற மாதிரிதான். சுற்றியுள்ள நாடுகளின் விளக்கு எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அரியூர் வானமும் இருக்கும்.

இருட்டில் இருக்கச் சொல்லவில்லை

எங்களுக்குப் பக்கத்தில் சாமை போட்டிருக்கிற பெரியவர் கொல்லை ஓரத்தில் பெரிய வெள்ளை விளக்கு மாட்டியிருந்தார். கேட்டேன்.

"பன்னிக்குத்தான் சார். வெளிச்சம் இருந்தா வராதுன்னாங்க."

"வரலீங்களா?"

"நாலு நாள் வரல. அப்புறம் பழகிடுச்சு. இப்ப வெளிச்சத்துலயே நல்லாப் பாத்துத் திங்குது."

அவர் பயம் நியாயமானது. பன்றி, கரடி, பாம்பு இருக்கிற மலையில் விளக்கே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கேள்வி விளக்கு வேண்டுமா என்பதில்லை, வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதுதான். வாய்க்கால் தண்ணீரை மடை கட்டிப் பாத்திக்குத் திருப்புகிற நாம், வெளிச்சத்தை மட்டும் திறந்து விட்டுவிடுகிறோம். செய்யக்கூடியவை இவ்வளவுதான்:

முதலில், விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போடுங்கள். வெளிச்சம் தரையில் மட்டும் விழட்டும். பழைய எண்ணெய் டின்னை வெட்டினாலே போதும். மேலே வீணாகப் போவதும் தரைக்கு வருவதால் சின்ன பல்பே போதுமானதாகிவிடும்.

இரண்டாவது, நிறம். கடையில் வார்ம் ஒயிட் என்று கேளுங்கள். பெட்டியில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று இருக்கும். 6,500 என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை. அதற்குத்தான் பூச்சி அதிகம் வரும், வானமும் அதிகம் கெடும்.

மூன்றாவது, நேரம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு இப்போது சோலாரிலேயே வருகிறது. திடீரென்று எரியும்போது பன்றியும் மிரளும். 40 வாட் விளக்கு ஒன்று தினம் 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 175 யூனிட். சென்சார் வைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

நான்காவது, கிராம சபை. தெருவிளக்கு வேண்டாம் என்று கேட்காதீர்கள், மூடியோடு மஞ்சள் விளக்கு வேண்டும் என்று கேளுங்கள். புதிதாக ஹைமாஸ்ட் விளக்கு கேட்டு மனுப் போடுவதற்கு முன், அது பக்கத்தில் யார் வயலில் விழும் என்று ஒரு முறை நடந்து பாருங்கள். தங்கும் விடுதி நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைக்கு வருகிறவர்களுக்கு ஊரில் கிடைக்காத ஒன்று இருட்டுதான். அதை விற்கலாம், அணைத்துவைத்தே சம்பாதிக்கலாம்.

பெரியவர் விளக்குக்கு மூடி போட்டாகிவிட்டது, பல்பும் மாற்றியாயிற்று. பன்றிக்கு வேலிதான் வழி, அதைப் பற்றி இன்னொரு இதழில் பேசுவோம்.

வருகிற அமாவாசையன்று உங்கள் தோட்டத்து விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே உட்காருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூட்டி வாருங்கள், அவர்களுக்குத் தெரிந்த நட்சத்திரப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களும் நாட்டு விதை மாதிரிதான், கேட்டு வாங்கி வைக்காவிட்டால் அவர்களோடு போய்விடும். மாசி, பங்குனியாக இருந்தால் கார்த்திகையில் எத்தனை எண்ண முடிந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் எண்ணும்போது அந்த எண் குறையாமல் இருந்தால், நம் தலைமுறை ஒரு சொத்தைக் கெடுக்காமல் கைமாற்றியிருக்கிறது என்று பொருள்.